குடிநோயாளியும் செவிலியர் பணியும் - ஒரு வரலாற்றுக் கண்ணோட்டம்



நம் யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, ஆலயம் எழும்பிய வரலாற்றையே நாம் எழுதுவோமென அவர்கள் எண்ணியிருக்கலாம். அதை நம் மூத்தோர் பிற பக்கங்களில் செவ்வனே எழுதியுள்ளனர். நாம் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டோம். குடியை நிறுத்திய மனிதன் மருத்துவமனைக் கட்டிலில் படும் பாடும், அவனருகே கண்விழித்திருந்தோரின் தொண்டும் பற்றிய வரலாறு அது. இதை எழுத நமக்கு ஒரு கடனும் உண்டு.

நாம் தந்த வாக்குறுதி

நாம் குருத்துவம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வேறொரு பங்கில் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தோம். தவக்காலத் தியானத்தின் கடைசி இரவில் மாட் டால்பட்டின் கதையைச் சொன்னோம். டப்ளின் நகரின் ஏழைத் தொழிலாளி அவர். 1884-ஆம் ஆண்டில், தமது 28-ஆம் வயதில், மூன்று மாதம் குடிப்பதில்லை என்று வாக்களித்தார். 1925-இல் இறக்கும் வரை மீண்டும் தொடவில்லை. 1975-இல் திருச்சபை அவரை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தது. கதை முடிந்ததும், "இன்றே, இப்போதே நிறுத்துவோர் கை உயர்த்துங்கள்" என்றோம். முதலில் எழுந்தவர் ஒரு கொத்தனார். இருபது ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர். அவர் மனைவி அழுதுகொண்டே நம் கையை முத்தி செய்தார்.

மறுநாளிரவு அவருக்கு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் மாலை மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து, நோயில் பூசுதல் கொடுக்க வேண்டும், தீர்த்தமும் கொண்டுவாருங்கள், பேய் பிடித்திருக்கிறது என்றார். சென்று பார்த்தோம். கைகால்களைத் துண்டால் கட்டிலோடு கட்டியிருந்தனர். கட்டினூடே அவர் கை கரணையைப் பிடித்துச் சுவர் பூசிக்கொண்டிருந்தது. போர்வையில் எறும்பு ஊருகிறது என்று அலறினார். அவ்வேளை பணிக்கு வந்த செவிலிச் சகோதரி ஒருவர் நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஃபாதர், இவர் கடைசியா எப்போ குடிச்சார்?" அது நமக்குத் தெரியும். மணி உட்பட தெரியும். அங்கு வேறெவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. வலிப்பு என்று மட்டுமே சீட்டில் எழுதப்பட்டிருந்தது. குடும்பத்தார் வெட்கப்பட்டு மறைத்துவிட்டனர்.

அந்தச் சகோதரி ஓடிச்சென்று மருத்துவரை அழைத்துவந்தார். ஊசி போடப்பட்டது. கட்டு அவிழ்ந்தது. அவர் விளக்கை அணைக்க விடவில்லை. அரைமணிக்கொருமுறை வந்து, "அண்ணே, இது ஆஸ்பத்திரி. நான் நர்ஸு. இன்னிக்கு திங்கக்கிழமை. உங்க வீட்டுக்காரம்மா இதோ இருக்காங்க" என்றார். ஒரே குரலில், ஒரே சொற்களில், விடியும் வரை சொன்னார். கொத்தனார் பிழைத்தார்.

இது ஏன் நேருகிறது?

மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். ஆண்டுக்கணக்கில் அதில் ஊறிய மூளை, மந்தத்தை ஈடுசெய்யத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. பொங்கல் விழாவில் கயிறு இழுக்கும்போது ஒரு பக்கத்தார் திடீரெனக் கைவிட்டால் மறுபக்கத்தார் மல்லாந்து விழுவதில்லையா? அதுபோல் மது சட்டென நின்றதும் மூளை கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. கடைசிக் குடிக்குப் பின் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தோன்றும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சன்னி காணும். அதையே மருத்துவர் 'டெலிரியம் டிரெமென்ஸ்', அதாவது நடுக்கச் சன்னி, என்பர். இடமும் நாளும் மறந்து, இல்லாததைக் கண்டு, தன் தொழிலையே கையால் நடித்துக்கொண்டிருப்பதும் அதன் அடையாளங்களுள் ஒன்று. மருந்தும் கவனிப்பும் அற்ற நாளில் அந்நிலை அடைந்தோரில் நூற்றுக்கு 35 பேர் வரை மாண்டனர். தக்க சிகிச்சையில் அது 5-க்கும் கீழே இறங்கிவிட்டது.

மருத்துவ உலகம் கற்ற பாடம்

இந்நோய்க்கு அப்பெயரை இட்டவர் தாமஸ் சட்டன் என்னும் ஆங்கில மருத்துவர். ஆண்டு 1813. அதுவரை இதை மூளை அழற்சி என்றெண்ணி நோயாளியின் இரத்தத்தை வடித்தனர். இரத்தம் வடிக்கப்பட்டோர் சாவதையும், அபினி கொடுத்து உறங்கவைக்கப்பட்டோர் தேறுவதையும் சட்டன் கண்டார். ஆயினும் இது குடியால் வருவதா, குடியை நிறுத்துவதால் வருவதா என்ற வழக்கு நூறாண்டுக்கு மேல் ஓயவில்லை. 1955-இல் ஹாரிஸ் இஸ்பெல் என்பாரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் பத்துப் பேருக்கு நல்ல உணவோடு தொடர்ந்து மது கொடுத்துப் பின் நிறுத்தினர். ஏழு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை குடித்த ஆறு பேரும் நிறுத்தியபின் நோயுற்றனர். சிலருக்கு வலிப்பும் சன்னியும் கண்டன. இத்தகைய சோதனைக்கு இக்காலத்தில் எவரும் அனுமதி தரார். ஆனால் வழக்கு அத்தோடு தீர்ந்தது. 1960-இல் விற்பனைக்கு வந்த குளோர்டயசெபாக்சைடு என்னும் மருந்து வலிப்பையும் சன்னியையும் தடுப்பதை 1969-இல் வெளியான பெரியதோர் ஆய்வு நிலைநாட்டியது.

தோமையார் மருத்துவமனையில் ஒரு சகோதரி

மருந்து வருமுன்னரே கதவு திறந்த ஒருவரைப் பற்றி நம் மக்கள் அறியவேண்டும். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பதிவு மேசையில் இருந்தவர் சகோதரி இக்னேஷியா. 1889-இல் அயர்லாந்தில் பிறந்தவர். புனித அகுஸ்தீனார் பிறரன்புச் சகோதரிகள் சபையினர். இசை ஆசிரியையாய் இருந்து, உடல்நலம் குன்றியபின் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். அக்காலத்தில் குடிகாரனுக்கு எந்த மருத்துவமனையும் எளிதில் கட்டில் தராது. அவன் கூச்சலிடுவான், பணம் தரான், மீண்டும் குடிப்பான் என்பது அவர்கள் வாதம். 1935-இல் அந்நகரில் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான மருத்துவர் பாப் ஸ்மித், 1939 ஆகஸ்டு மாதம் ஒரு நோயாளியோடு சகோதரியிடம் வந்தார். அவர் 'கடும் இரைப்பை அழற்சி' என்று ஏட்டில் எழுதிக் கட்டில் கொடுத்தார். மற்ற நோயாளிகளுக்கு இடையூறாகாதபடி, பூக்களை அடுக்கும் சிற்றறைக்கே அக்கட்டிலைத் தள்ளிச்சென்றனர் என்பர்.

அன்று தொடங்கியது ஒழுங்கான முறையாயிற்று. நோயாளி ஐந்து நாள் தங்குவான். முன்பு குடித்து மீண்டவர்கள் வந்து அருகில் அமர்ந்து பேசுவர். 1952-இல் கிளீவ்லாந்து நகரின் புனித வின்சென்ட் மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட சகோதரி, அங்கு 'ரோசரி ஹால்' என்ற தனிப் பிரிவைத் திறந்தார். வீடு திரும்புவோரிடம் திரு இருதய அடையாளச் சின்னம் ஒன்றைக் கொடுத்து, "மீண்டும் குடிக்க நினைத்தால் முதலில் இதை எம்மிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்பாராம். அவர் 1966-இல் இறைவனடி சேர்ந்தார்.

நம் மாநிலத்தில்

நம் மாநிலம் மதுவிலக்கைப் பலமுறை கண்டது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948-இல் மாகாணமெங்கும் வந்து, 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. கடை திறப்பதா மூடுவதா என்று வாதிட்ட அளவுக்கு, கடை மூடினால் குடித்தவன் உடல் என்னவாகும் என்று நாம் பேசவில்லை. சென்னையில் அதைப் பேசியவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த அவர், 1980-இல் கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். அதன் டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் உள்ளது. முதலில் உடலை மதுவிலிருந்து பாதுகாப்பாய் விடுவிப்பது, பின் மனத்துக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை அளிப்பது என்பதே அங்குள்ள முறை. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 24 மாலை ஊரடங்கோடு மதுக்கடைகள் யாவும் ஒரே நாளில் மூடின. நாடெங்கும் பலர் நடுக்கமும் வலிப்பும் கண்டு மருத்துவமனைகளுக்கு ஓடினர். கேரள அரசு மருத்துவர் சீட்டுக்கு மது தரலாம் என்று ஆணையிட, மருத்துவர்கள் எதிர்த்தனர். சில நாளில் உயர்நீதிமன்றம் ஆணையை நிறுத்திவைத்தது. குடியை ஒரே நாளில் நிறுத்துவது எல்லாருக்கும் பாதுகாப்பானதன்று என்ற உண்மையை அவ்வாரங்களில் நாடே கண்டது.

செவிலியரின் கைத்திறன்

இக்காலச் செவிலியர் கையில் ஓர் அளவுகோல் உண்டு. 1989-இல் செம்மைப்படுத்தப்பட்ட அதில் குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், அமைதியின்மை, உடலில் ஊரல், காதொலி, கண்தோற்றம், தலைவலி, இடநாள் உணர்வு எனப் பத்துக் கூறுகள் உண்டு. மொத்தம் 67 மதிப்பெண். சில மணிக்கொருமுறை எண்ணிப் பார்த்து, மதிப்பெண் ஏறினால் மருந்தைக் கூட்டவும், இறங்கினால் குறைக்கவும் மருத்துவருக்கு உரைப்பர். கல்லீரல் கெட்டவருக்கு லோராசெபாம் என்ற மருந்தைத் தேர்வர். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்னும் பி-1 வைட்டமின் ஊசி போடப்படுகிறதா என்று பார்ப்பர். பலநாள் சோறின்றிக் குடித்தவன் உடலில் அது வற்றியிருக்கும். அதனால் வரும் மூளை நோயை 1881-இலேயே கார்ல் வெர்னிக்கே விவரித்தார். கவனியாவிடில் நினைவாற்றலே அழியும்.

மற்றவை விலையில்லாதவை. அறையில் நிழல் விழாத வெளிச்சம், குறைந்த சத்தம், மாறாத முகம், தாழ்ந்த கட்டில், அடிக்கடி தண்ணீர், இடத்தையும் நாளையும் சொல்லும் அமைதியான குரல். அன்றிரவு அந்தச் சகோதரி செய்தவை இவையே.

நம் பங்குக்கு ஒரு வேண்டுகோள்

படப்பையிலும் சுற்றுப்புறங்களிலும் கட்டட வேலைக்கும் ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் செல்லும் குடும்பங்கள் பல. கால் முறிவென்றோ காய்ச்சலென்றோ தாம்பரம், குரோம்பேட்டை, செங்கல்பட்டு மருத்துவமனைகளில் நம்மவரைச் சேர்க்கும்போது, அவர் குடிப்பவரானால், எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதை முதல் நாளே செவிலியரிடம் சொல்லுங்கள். அதனால் மானம் போகாது; மறைத்தால் உயிர் போகலாம். நாள்தோறும் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்து நிறுத்தச் செய்யாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் சென்று நிறுத்தச் செய்யுங்கள். வலிப்போ பிதற்றலோ கண்டால் 108-ஐ அழையுங்கள். பிறகு நம்மை அழையுங்கள்.

அந்தக் கொத்தனார் எட்டு மாதத்தில் மீண்டும் குடித்தார். பின்னர் முறையாகச் சிகிச்சை பெற்று நிறுத்தினார். இன்று பேரக் குழந்தைகளோடு திருப்பலிக்கு வருகிறார் என்று கேள்விப்படுகிறோம். நாம் இப்போதும் தவக்காலத்தில் கை உயர்த்தச் சொல்கிறோம். ஆனால் கை உயர்த்தியவரிடம், "எத்தனை ஆண்டாய்? நாள்தோறுமா?" என்று கேட்டு, மறுநாள் காலை மருத்துவரிடம் உடன்செல்கிறோம். பெயர் தெரியாத அந்தச் செவிலிச் சகோதரிக்கு நாம் பட்ட கடனில் இது ஒரு சிறு பகுதி. அவரையும், இரவுதோறும் விழித்திருக்கும் எல்லாச் செவிலியரையும் இந்த யூபிலி ஆண்டில் நம் மன்றாட்டுகளில் நினைவுகூர்வோமாக.