யானைமலையும் மெழுகுத் தாளும்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், ஒத்தக்கடையை நெருங்கும்போது யானைமலையைப் பார்க்காமல் கடந்து செல்வது கடினம். படுத்திருக்கும் யானையைப் போன்ற அந்த ஒற்றைப் பாறையை இன்று நாள்தோறும் நூறு கைப்பேசிகள் படம் பிடிக்கின்றன. அதன் முன் ஒரு காமிராவை நிறுத்தி ஒளிக்காகக் காத்திருந்தவர்களுள் மிக முற்பட்ட ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை.

லின்னேயஸ் டிரைப் (1822–1902) சென்னை ராணுவத்தில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி. 1855இல் பர்மா சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1856இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பயணத்தைத் தொடங்கிய டிரைப், அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில் மதுரையில் இருந்தார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம் ஆகியவற்றோடு, வைகையின் குறுக்கே அன்றிருந்த தரைப்பாலத்தையும் யானைமலையையும் அவர் படமெடுத்தார். மதுரைப் படங்கள் நான்கு பகுதிகளாக 1858இல் வெளியாயின.

யானைமலைப் படங்களுள் ஒன்று, மலையை அதன் முனைப் பக்கமிருந்து காட்டுவது. நமக்குப் பழக்கமான யானை உருவம் அதில் இல்லை. சமவெளியிலிருந்து திடீரென எழும் வெற்றுப் பாறையின் பருமை மட்டுமே இருக்கிறது. கதையை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்த கண் அது.

இந்தப் படங்களை எடுத்த விதத்தை அறிந்தால்தான் அவற்றின் அருமை விளங்கும். அக்காலத்தில் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த முறை, கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசுவது. நுட்பமான விவரங்களைத் தரும் முறைதான். ஆனால் பூச்சின் ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியும் முடிக்க வேண்டும். ஈதர் கலந்த அந்தப் பூச்சு நம் வெயிலில் எவ்வளவு விரைவில் உலரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டிரைப் பயணங்களில் பெரிதும் நம்பியது மெழுகுத் தாளை. பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட முறை அது. மெல்லிய தாளில் மெழுகை உருக்கி ஏற்றி, அயோடைடு கரைசலில் ஊறவைத்து, பின்னர் வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து உலர்த்துவார்கள். தாளை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளலாம். படமெடுத்த பின் உடனே கழுவ வேண்டிய கட்டாயமும் இல்லை. கண்ணாடியைப் போல மாட்டு வண்டியில் உடையாது.

இதற்கு விலையும் உண்டு. ஒளிபடும் நேரம் நிமிடக் கணக்கில் நீளும். நடந்து போகிறவர் படத்தில் பதியமாட்டார். காற்றிலாடும் மரக்கிளை வெறும் கறையாகும். டிரைப்பின் மதுரை ஆளரவமற்ற ஊராகத் தோன்றுவதற்கு இதுவே முக்கியக் காரணம். உருப்பெருக்கும் வசதி இல்லாததால், படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவ் வேண்டும். ஏறத்தாழ ஓரடிக்கும் மேல் அகலமுள்ள தாளைத் தாங்கும் மரக் காமிராவைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் வானம். அன்றைய வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கு மிகையாகவும் பச்சைக்கு மிகக் குறைவாகவும் இணங்கின. பாறைக்கும் மரத்துக்கும் போதிய ஒளி கிடைப்பதற்குள் வானம் வெளிறிப்போகும், இலைகள் கருத்துப்போகும். டிரைப் பல நெகட்டிவ்களில் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார், இலைத்தொகுதிகளுக்குத் தெளிவூட்டினார். உள்ளதை உள்ளபடி பதிவு செய்ய அரசு நியமித்தவர், தாம் கண்ட வானத்தை மீட்க ஓவியராக வேண்டியிருந்தது. கணினியில் வானத்தை மாற்றும் இன்றைய வழக்கத்தைப் பழிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. காமிரா எக்காலத்திலும் முழுச் சாட்சியாக இருந்ததில்லை. அதனால் எது இயலாது என்று அறிந்தவனே அதை நேர்மையாகக் கையாள முடியும்.

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், நிதி நெருக்கடியில் இது ஆடம்பரம் என்று கருதினார். பணி நிறுத்தப்பட்டது. டிரைப் அதன்பின் அரிதாகவே படமெடுத்தார்.

ஆடம்பரம்தானா? 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்படுவதற்கு முன் வைகையை மக்கள் எப்படிக் கடந்தார்கள் என்று காட்ட அந்தத் தரைப்பாலப் படம் இருக்கிறது. யானைமலையும் இருக்கிறது. 2010இல் அங்கே சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்று மலையைக் காத்தார்கள். ஆனால் மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்ட குன்றுகளில் எத்தனைக்கு, அறுபடுமுன் எடுத்த ஒழுங்கான படம் ஒன்று உண்டு? இல்லாத குன்றின் உருவத்தை எதைக் காட்டி நிறுவுவது?

அதே வட்டாரத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 250 பறவை வகைகள், அவற்றுள் அரிய வல்லூறுகள், அங்கே பதிவாகியுள்ளன. விடியலில் நடந்து, பார்த்ததைத் தேதியிட்டுக் குறித்துக்கொண்டவர்கள் இல்லாமல் அந்தப் பட்டியல் உருவாகியிருக்காது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தது. மக்கள் திரண்டு எதிர்க்க, 2025 ஜனவரியில் அது ரத்தாயிற்று. அந்த வாதங்களிலெல்லாம் அங்கே என்ன வாழ்கிறது என்பதற்கான பதிவுகளும் துணைநின்றன.

இன்று மதுரையைச் சுற்றிப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு டிரைப்பின் பெட்டி தேவையில்லை; அவருடைய ஒழுங்கு தேவை. முக்காலியை ஊன்றுங்கள். உச்சி வெயிலைத் தவிர்த்து, காற்று அடங்கிய, சாய்வொளி பாறையின் மடிப்புகளைக் காட்டுகிற காலைப் பொழுதுக்குக் காத்திருங்கள். அழகிய கோணம் கிடைத்த பின்னரும், மலை முழுவதும் அடங்கும் சாதாரணப் படம் ஒன்றையும் எடுங்கள். இடம், திசை, நாள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் போய் நில்லுங்கள்.

மலை நம்மைவிட நீண்ட நாள் இருக்கும் என்றுதான் நம் முன்னோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நமக்கு இனி இல்லை.