ஸ்டாம்ஃபோர்டு நகரத்து வழிப்போக்கர் விடுதிகள்

இலண்டன் மாநகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 90 மைல் தொலைவில், வெல்லண்டு ஆற்றின் கரையில் அமைந்துள்ள சிறு நகரம் ஸ்டாம்ஃபோர்டு. ஆற்றைக் கடந்து செல்லக் கற்பாங்கான துறை ஒன்று இருந்தமையால், ‘கல்துறை’ என்று பொருள்படும் இப்பெயர் இவ்வூருக்கு வாய்த்தது. டேனியர் ஆட்சிக் காலத்தில் ஐம்பெரும் நகரங்களுள் ஒன்றாக விளங்கிய இது, இடைக்காலத்தில் கம்பளி வாணிகத்தால் செழித்தது. தவக்காலத்தின் நடுவில் கூடும் அதன் சந்தை இன்றும் கூடி வருகிறது. இவை எல்லாவற்றினும் மேலாக, இலண்டனிலிருந்து யார்க் வழியாக எடின்பரோ வரை செல்லும் வடபெருஞ்சாலை நெடுங்காலம் இந்நகரத்தின் ஊடாகவே ஓடியது. சந்தைக்கு வந்தவனும் சாலையில் வந்தவனும் இரவு தங்க இடம் தேடினார்கள். அவ்விடங்களின் வரலாறே இந்நகரத்தின் வரலாற்றில் பாதி எனல் மிகையன்று.

இத்தகைய விடுதியைத் தமிழில் ‘சத்திரம்’ என்று பெயர்த்து எழுதும் வழக்கம் உண்டு. அது முற்றும் பொருந்துவதாக இல்லை. சத்திரம் என்னும் சொல்லில் அறத்தின் மணம் நீங்காமல் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்டின் விடுதியோ விலைக்கு இடம் தருவது. அறத்துக்கென்று அங்கே வேறு ஒரு வாசல் இருந்தது. ‘ஹாஸ்பிட்டல்’ என்ற சொல் இன்று மருத்துவமனையைக் குறித்தாலும், இடைக்காலத்தில் அது வழிப்போக்கரும் வறியோரும் தலைசாய்க்கும் அறச்சாலையையே குறித்தது. பாலத்தின் தென்முனையில், புனித யோவான், புனித தாமஸ் ஆகியோர் பெயரால் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அத்தகைய சாலை ஒன்று, திருத்தல யாத்திரிகர்களுக்கும் ஏழைகளுக்கும் கூரை அளித்து வந்தது. 15ஆம் நூற்றாண்டில் வில்லியம் பிரௌன் என்னும் பெரும் கம்பளி வணிகர், பத்து ஆடவரும் இரண்டு பெண்டிருமாகப் பன்னிரு வறியவர் நிலையாக வாழ மற்றோர் அறச்சாலையை எழுப்பினார். அவர்கள் தம்மை நிறுவியவரின் ஆன்மாவுக்காக நாள்தோறும் வேண்டுதல் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. தங்கும் இடத்துக்கு அவர்கள் கொடுத்த வாடகை அது எனலாம்.

மன்னர் எட்டாம் ஹென்றி காலத்துச் சமயப் புரட்சி, துறவு மடங்களையும் அவற்றைச் சார்ந்த தரும நிலையங்களையும் கலைத்தது. பாலத்து அறச்சாலையும் மறைந்தது. அதன் பின் நடந்தது கருதத்தக்கது. எலிசபெத் அரசியாரின் முதன்மை அமைச்சர் வில்லியம் செசில், பர்லிப் பிரபு, இவ்வூரின் விளிம்பில் பெரும் மாளிகை எழுப்பியவர். 1597ஆம் ஆண்டில் அவர் பழைய அறச்சாலை இருந்த இடத்தில் பன்னிரு முதியவர்களுக்கான இல்லத்தை நிறுவினார். ஏறக்குறைய அதன் அடுத்த வாசலாக உள்ள ஜார்ஜ் விடுதியின் முதன்மைக் கட்டடமும் அதே ஆண்டில் அவரால் எழுப்பப்பட்டது என்பர். விடுதியின் தலைவாயிலில் செசில் குடும்பத்துச் சின்னம் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. முன்பு ஒரே கூரையின் கீழ் இருந்த இரு கடமைகள் இவ்வாறு இரு கட்டடங்களாகப் பிரிந்தன: வறியவனுக்கு ஒன்று, பணம் உள்ள பயணிக்கு ஒன்று. பணம் இல்லாத பயணிக்கு இரண்டிலும் இடமில்லை. ஊர் முதியவனை அறச்சாலை ஏற்றது. ஊர் பேர் தெரியாத நடைவழியாளன் எங்கே போவான் என்ற கேள்விக்கு இப்புதிய ஏற்பாட்டில் விடை இல்லை.

விடுதி வாயிலில் அரசனும் ஆண்டியும் ஒன்றாக நிற்கும் காலம் வருவதுண்டு. முதலாம் சார்லஸ் மன்னர் 1645 ஆகஸ்டு மாதத்தில், உள்நாட்டுப் போரின் நடுவே, இந்நகருக்கு வந்து ஜார்ஜ் விடுதியில் தங்கினார் என்பது மரபு. மறு ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 1646 ஏப்ரல் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு நகரை விட்டுப் பணியாள் வேடத்தில் தப்பிய அவர், மே மாதத் தொடக்கத்தில் ஸ்டாம்ஃபோர்டை அடைந்தபோது விடுதிப் பக்கமே செல்லவில்லை. நம்பிக்கைக்குரிய நகரப் பெரியவர் ஒருவரின் வீட்டில் இரவோடிரவாக ஒளிந்திருந்தார். மே 5ஆம் நாள் சௌத்வெல்லில் ஸ்காட்லாந்துப் படையினரிடம் தம்மை ஒப்புவித்தார். அவர் சுதந்திர மனிதராகக் கழித்த கடைசி இரவு ஸ்டாம்ஃபோர்டில் கழிந்தது என்று இவ்வூரார் கூறுவர். கொடி பிடித்து வருகையில் திறக்கும் கதவு, முகம் மறைத்து வருகையில் ஆபத்தாகிவிடுகிறது.

விடுதிகளின் பொற்காலம் கோச்சு வண்டிகளோடு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் சுங்கச் சாலைகள் சீர்பெற்றன. 1784இல் அஞ்சல் கோச்சு முறை தொடங்கி விரைவில் வடதிசைக்கும் பரவியது. பத்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்ற வேண்டும். ஆகவே விடுதி என்பது படுக்கையும் உணவும் மட்டுமன்று. முற்றமும் இலாயமும் வைக்கோற் போரும் குதிரைக்காரர் கூட்டமும் சேர்ந்த ஒரு பெருந்தொழிற்கூடம். ஜார்ஜ் விடுதியின் முற்றத்துக்கு நாளொன்றுக்கு வடக்கே 20, தெற்கே 20 என 40 கோச்சுகள் வந்து சென்றன என்பது வழிவழிக் கூற்று. வாயிலின் இருபுறமும் உள்ள இரண்டு அறைக் கதவுகளில் ஒன்றில் ‘இலண்டன்’ என்றும் மற்றொன்றில் ‘யார்க்’ என்றும் எழுதப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். தெற்கே செல்பவர் ஓர் அறையிலும் வடக்கே செல்பவர் ஓர் அறையிலும் காத்திருந்தனர். விடுதியின் பெயர்ப்பலகை சாலையின் குறுக்கே, தூக்குமரம் போன்ற உத்தரத்தில் தொங்குகிறது. நேர்மையான பயணிக்கு அது வரவேற்பு, வழிப்பறிக்காரனுக்கு அது எச்சரிக்கை என்று விளக்கம் சொல்வார்கள். இத்தகைய விளக்கங்கள் பலகை தொங்கிய பிறகே பிறப்பவை என்றாலும் கேட்க நன்றாகவே இருக்கிறது.

கோச்சின் உள்ளே அமர்ந்தவனுக்கு ஒரு கட்டணம். கூரைமேல் மழையிலும் பனியிலும் அமர்ந்தவனுக்கு ஏறத்தாழ அதில் பாதி. விடுதியில் கிடைத்த மதிப்பும் அந்த அளவிலேயே வேறுபட்டது. நடந்து வந்தவனுக்கோ மதிப்பே இல்லை. கார்ல் ஃபிலிப் மோரிட்ஸ் என்னும் ஜெர்மானிய எழுத்தாளர் 1782இல் இங்கிலாந்தின் சாலைகளில் நடந்து சென்றார். கையில் காசு இருந்தும், நடந்து வந்தவன் என்ற ஒரே காரணத்தால் விடுதிகளில் அலட்சியத்தையும் மறுப்பையும் சந்தித்ததை அவர் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அவர் ஸ்டாம்ஃபோர்டுக்கு வந்தவரல்லர். ஆயினும் அந்நாளைய விடுதி வழக்கத்துக்கு அவரினும் நல்ல சாட்சி இல்லை.

விருந்தினரை விட்டுக்கொடுக்காத விடுதிக்கும் இந்நகரில் ஒரு கதை உண்டு. லெஸ்டர் நகரைச் சேர்ந்த டேனியல் லாம்பர்ட், அளவிறந்த உடற்பருமனால் நாடெங்கும் அறியப்பட்டவர். 1809 ஜூன் மாதத்தில் ஸ்டாம்ஃபோர்டுக் குதிரைப் பந்தயத்தை ஒட்டி இங்கு வந்த அவர், ‘வேகன் அண்டு ஹார்ஸஸ்’ விடுதியில் தங்கினார். மாடிப்படி ஏற இயலாமையால் தரைத்தளத்து அறை. ஜூன் 21ஆம் நாள் காலை திடீரென உயிர் பிரிந்தது. எடை 52 ஸ்டோன் 11 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 335 கிலோ. சன்னலையும் சுவரின் ஒரு பகுதியையும் இடித்து, சக்கரம் பூட்டிய பெட்டியில் அவரை வெளியே கொண்டுவந்தனர். புனித மார்ட்டின் ஆலயத்துக் கல்லறையில் அவர் துயில்கிறார்.

இனி வருபவர் கவிஞர்கள் நெஞ்சில் இருத்த வேண்டியவர். ஸ்டாம்ஃபோர்டுக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் உள்ள ஹெல்ப்ஸ்டன் சிற்றூரில், 1793இல் கூலி உழவரின் மகனாகப் பிறந்தார் ஜான் கிளேர். சிறுவனாக இருக்கையில், ஜேம்ஸ் தாம்சனின் ‘பருவங்கள்’ என்னும் காவியத்தை வாங்க ஸ்டாம்ஃபோர்டுக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமையாதலால் கடை மூடியிருந்தது. வேலை நாளில், மேய்க்க வேண்டிய குதிரைகளை மற்றொரு சிறுவனிடம் காசு கொடுத்து ஒப்படைத்துவிட்டு மறுபடியும் வந்து வாங்கினார். வீடு வரை பொறுக்காமல், பர்லி மாளிகைப் பூங்காவின் மதிலேறிக் குதித்து, அங்கேயே அமர்ந்து படித்தார். பின்னர் அதே மாளிகையின் தோட்டத்தில் பயிற்சி வேலைக்குச் சேர்ந்தார். பழங்களைத் திருடாமலிருக்கத் தோட்ட ஆட்களை இரவில் உள்ளே வைத்துப் பூட்டுவது வழக்கம். அவர்கள் சன்னல் வழியே இறங்கி, ஸ்டாம்ஃபோர்டில் ‘ஹோல் இன் தி வால்’ என்ற மதுவிடுதிக்குச் செல்வார்கள். திரும்பும் வழியில் மயங்கி மரத்தடியிலேயே உறங்கிவிட்டு, விடியலில் ஒருபக்க உடல் உறைபனியில் நனைந்து மரத்திருக்க விழித்ததைக் கிளேரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

1820இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அதன் முகப்பு அவரை ‘நார்தாம்ப்டன்ஷயர் குடியானவர்’ என்று அறிமுகப்படுத்தியது. ஸ்டாம்ஃபோர்டுப் புத்தக வணிகர் எட்வர்டு டிரூரியின் முயற்சி அதில் பெரிது. அவ்வாண்டிலேயே ஸ்டாம்ஃபோர்டுக் கோச்சில் ஏறி முதன்முறையாக இலண்டன் சென்றார். வண்டிக்குள்ளிருந்து, வயலில் வேலை செய்துகொண்டிருந்த தம்மொத்தவர்களைக் கண்டபோது, தொழில் மட்டுமன்றித் தாமே வேறொருவராக மாறிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. பர்லி மாளிகையின் எக்ஸிடர் மார்க்விஸ் அவரை அழைத்து ஆண்டுக்கு 15 பவுண்டு உதவித்தொகை வழங்கினார். கவிஞருக்கு உணவு இட்டது வேலைக்காரர் கூடத்தில்.

புகழ் சில ஆண்டுகளில் வடிந்தது. வறுமையும் மனநோயும் மிகுந்தன. 1837இல் எஸ்ஸெக்ஸ் பகுதியின் ஹை பீச் மனநோய் இல்லத்தில் சேர்க்கப்பட்ட கிளேர், 1841 ஜூலை 20ஆம் நாள் அங்கிருந்து கிளம்பி, 80 மைலுக்கு மேற்பட்ட தொலைவை நான்கு நாட்களில் நடந்து கடந்தார். 1820இல் கோச்சில் சென்ற அதே வடபெருஞ்சாலையில், இப்போது கையில் ஒரு காசும் இன்றி எதிர்த்திசையில் நடந்தார். முதல் இரவு ஸ்டீவனேஜ் அருகே ஒரு கொட்டிலில், தீவனப்புல் கட்டுகளின்மேல் படுத்தார். காலையில் திசை தவறக்கூடாதென்று தலையை வடக்கே வைத்துக்கொண்டார். மறுநாள் குதிரையில் சென்ற ஒருவர் வீசிய பென்னியில் அரைக் கோப்பை பீர் அருந்தினார். அன்றிரவு ‘ராம்’ என்னும் விடுதியின் விளக்கொளி கண்ணில் பட்டது. பணமில்லாமையால் உள்ளே செல்லக் கூசினார். பக்கத்தில் வண்டிக் கொட்டகை இருந்தது. ஆட்கள் விழித்திருந்தமையால் அங்கும் படுக்கத் துணியாமல் மேலே நடந்தார். மூன்றாம் நாள் சாலையோரத்துப் புல்லைத் தின்றார். அது ஏறக்குறைய ரொட்டியின் சுவையில் இருந்தது என்று குறித்துள்ளார்.

கவிதையே எழுதியிராத ஒருவர் இக்குறிப்பை எழுதியிருந்தாலும், விடுதி வரலாற்றில் அது ஒப்பற்ற ஆவணமாகவே நின்றிருக்கும். அரசரும் பிரபுக்களும் தங்கிய அறைகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. வெளியே நின்று விளக்கை மட்டும் கண்டு சென்றவன் எழுதி வைத்தது அரிது. 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டப்படி, பிழைப்புக்கு வழியின்றிக் கொட்டிலிலோ திறந்த வெளியிலோ தங்குவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். பீட்டர்பரோ அருகே, வண்டியில் சென்ற சொந்த ஊர்க்காரர்கள் அவரை அடையாளம் கண்டு ஐந்து பென்னி எறிந்தார்கள். அதைக் கொண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கினார். கடைசியில் மனைவி வண்டியோடு எதிரே வந்தபோது கிளேருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. இளமைக் காதலி மேரி ஜாய்ஸிடம் செல்வதாகவே எண்ணி நடந்திருந்தார். மேரியோ 1838லேயே இறந்திருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நார்தாம்ப்டன் மனநோய் இல்லத்தில் சேர்க்கப்பட்டார்.

அவர் நடந்த அந்த ஆண்டுகளில் கோச்சுகளின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. 1846இல் பீட்டர்பரோவிலிருந்து ஸ்டாம்ஃபோர்டுக்கு இரயில் வந்தது. வடக்கே செல்லும் பெருந்தடமோ 1852இல் ஸ்டாம்ஃபோர்டை ஒதுக்கிவிட்டு கிரந்தம் வழியாகச் சென்றது. மார்க்விஸ் தடுத்துவிட்டார் என்று ஊரார் பழி கூறினாலும் ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. முற்றங்கள் வெறிச்சோடின. ஆலைகள் வரவில்லை, ஆகவே பழைய சுண்ணாம்புக்கல் வீதிகளை இடிக்கவும் எவருக்கும் தேவை எழவில்லை. 1960இல் பெருஞ்சாலையும் ஊருக்கு வெளியே திருப்பப்பட்டது. 1967இல் இங்கிலாந்திலேயே முதன்முதலாகப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக ஸ்டாம்ஃபோர்டு அறிவிக்கப்பட்டது. ஜார்ஜ் இன்றும் விடுதியாகவே இயங்குகிறது. கோச்சு இழந்த நகரம் அதன் பழமையைக் காணவே பயணிகள் வரும் நகரமாயிற்று.

கிளேர் நார்தாம்ப்டனிலேயே 1864 மே 20ஆம் நாள் காலமானார். உடல் இரயிலில் ஹெல்ப்ஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. வந்து சேர்ந்த அன்று ஆலயத்தில் வைக்க இயலாமற் போகவே, அவ்விரவு பெட்டியை ஊரில் இருந்த ‘எக்ஸிடர் ஆர்ம்ஸ்’ என்னும் விடுதியில் வைத்தார்கள். அப்பெயர் குறிப்பது எக்ஸிடர் மார்க்விஸின் குலச்சின்னத்தை; ஜார்ஜ் விடுதியின் தலைவாயிலில் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதும் அக்குடும்பத்தின் சின்னமே. மறுநாள், மே 25, அவரைப் பெற்றோரின் பக்கத்தில் அடக்கம் செய்தனர்.