கடைசி இழைப்பு

சொல்லிச் செய்யும் கிட்டார் ஒன்றுக்காக வந்த படிவத்தில் நெக்குக்கான மரங்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். மேப்பிளும் மஹோகனியும் சாதா ரகம். அதற்குக் கீழே ‘எக்ஸாட்டிக்’ என்றொரு தலைப்பு, கூடுதல் விலை. அதில் முதல் பெயரே இந்தியன் ரோஸ்வுட். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடுமலையில் எங்கள் அப்பச்சி வீட்டில் பிரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் பழைய கட்டில் அந்த மரம்தான். தோதகத்தி என்போம், ஈட்டி என்பவர்களும் உண்டு. ஊரில் மொட்டை மாடி ஏறினால் அது வளரும் ஆனைமலை தெற்கே தெரியும்.

அந்த மலையில் இருந்து மரம் இறங்கியது புதிதல்ல. 1840-களின் இறுதியிலேயே பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்காக ஆனைமலைத் தேக்கை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மேலிருந்து கட்டைகளைச் சரிவில் நழுவவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப். பேரே தொழிலில் இருந்து வந்தது. வெட்டியதற்கு ஈடாகத் தேக்கை மறுபடி தழைக்க வைத்த வனத்துறை அதிகாரி ஹியூகோ வுட் 1933-ல் இறந்தார். அவர் கல்லறை அங்கேயே இருக்கிறது, டூர் போகிறவர்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள். தேக்குக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு தோதகத்திக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர்களின் வனக் குறிப்புகளில் அது ‘பிளாக்வுட்’, கறுப்பு மரம். நாற்காலிக்கும் அலமாரிக்கும் போன சரக்கு.

கிட்டாருக்கு அது போனது ரொம்பப் பின்னால்தான், அதுவும் வேறொரு நாடு கதவைச் சாத்தியதால். 1833-ல் தொடங்கிய அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி தன் நல்ல கிட்டார்களின் முதுகுக்கும் பக்கத்துக்கும் பிரேசில் ரோஸ்வுட்டைத்தான் வைத்துக்கொண்டிருந்தது. 1960-களின் பிற்பகுதியில் பிரேசில், உருட்டுக் கட்டையாக அனுப்ப மாட்டோம், இங்கேயே அறுத்து அனுப்புகிறோம் என்றது. தங்களுக்கு வேண்டிய வாக்கில் தாங்களே அறுத்துப் பழகிய மார்ட்டின் அதை ஏற்கவில்லை. 1969-ல் இந்திய மரத்துக்கு மாறியது. மற்றவர்களும் வந்தார்கள். அதே வருஷம் ஜனவரி 30-ல் லண்டனில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் பீட்டில்ஸ் வாசித்தபோது, ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்தது உடம்பும் நெக்கும் ரோஸ்வுட்டாலேயே ஆன டெலிகாஸ்டர்.

நெக்குக்கு இந்த மரம் எதற்கு என்று கேட்கலாம். அக்கவுஸ்டிக் கிட்டாரில் ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதை வருஷக் கணக்கில் வளையாமல் தாங்க வேண்டும். வைரம் பாய்ந்த தோதகத்தி கன மீட்டருக்கு 800 கிலோவை ஒட்டி இருக்கும், மஹோகனியைவிட நன்றாகக் கனக்கும். ஆனால் எந்த மரம் என்பதைவிட எந்த வாக்கில் அறுத்தது என்பதுதான் முக்கியம். வெட்டு முகத்தில் வளையக் கோடுகள் ஃபிங்கர்போர்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மரம் வளையத்தோடு ஒட்டிய திசையில் சுருங்குவதில் ஏறக்குறைய பாதிதான் வளையத்துக்குக் குறுக்கே சுருங்கும். ஈரம் சரியாக வற்றாத கட்டையில் செய்து குளிர்நாட்டுக்கு அனுப்பினால், ஹீட்டர் போட்ட அறையில் மரம் சுருங்கி, ஃப்ரெட் கம்பிகளின் முனை விரலைக் கிழிக்கும்.

பாலிஷ் இன்னொரு தலைவலி. இந்த மரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. மேலே பூசும் பாலியஸ்டர் சில சமயம் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். அசிட்டோனால் துடைத்து, மெல்லிய அவலரக்கு ஒரு கை அடித்து, அதன்மேல்தான் மற்றது. அரக்குப் பூச்சி தருகிற அதே அவலரக்குதான், பழைய கிராமபோன் தட்டுகளிலும் இருந்தது, இந்தியாவில் இருந்துதான் உலகத்துக்குப் போனது. 1920-களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வரும்வரை கிட்டார்களுக்கும் அதுவே பாலிஷ். ஆக, மரமும் நம்முடையது, மேல்பூச்சும் நம்முடையது, ‘எக்ஸாட்டிக்’ என்ற பெயர் மட்டும் அவர்களுடையது!

இழைப்பு எங்கே நடக்க வேண்டும் என்ற அந்த பிரேசில் சண்டை 2011-ல் நம் பெயரில் திரும்ப வந்தது. ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் கிட்டார் தொழிற்சாலைகளில் புகுந்து இந்தியாவில் இருந்து வந்த ரோஸ்வுட், கருங்காலிப் பலகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். லேசி சட்டப்படி, மரம் வந்த நாட்டின் சட்டத்தை மீறினால் அமெரிக்காவிலும் குற்றம். இந்திய விதிப்படி 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான அறுத்த பலகையை அப்படியே அனுப்பக்கூடாது. அங்கே பிடித்தவை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். அது பலகையா, கிட்டாரின் பாகமா? வழக்கே அந்தக் கேள்விதான். 2012-ல் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கொண்டது, ஆனால் அது முக்கியமாக மடகாஸ்கர் கருங்காலிக்காக. இந்திய ஃபிங்கர்போர்டு விஷயத்தில் விதியே தெளிவில்லை என்று அமெரிக்க அரசும் ஒப்புக்கொண்டது.

அங்கே சில பேர் இதைக் கேலி செய்தார்கள், இந்தியத் தொழிலாளிக்காக அமெரிக்கச் சட்டமா என்று. திருப்பூர்க்காரனுக்கு அதில் கேலி தெரியாது. 2010-ல் நூல் விலை எகிறியபோது, நூலை வெளியே விடாதே, பனியனாக்கி அனுப்புகிறோம் என்று கடையடைத்துக் கேட்ட ஊர் இது. நூலை அனுப்பினால் நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் என்று அத்தனை கூலியும் கூடவே கப்பலேறிவிடும். பலகைக்கும் அதே கணக்கு.

ஒன்று மட்டும் ஒத்துப்போகவில்லை. பருத்தி போட்ட விவசாயி அதை விற்கலாம். தமிழ்நாட்டின் 1994 ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், சொந்தப் பட்டா நிலத்தில் நின்ற தோதகத்தியைக்கூட அனுமதியில்லாமல் வெட்ட முடியாது என்றானது. மரம் காப்பாற்றப்பட வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் தன் காலத்தில் வைரம் பாயாத, பாய்ந்தாலும் கை வைக்க முடியாத கன்றை வரப்போரம் எவன் நடுவான்? முளைத்ததைக் கிள்ளிப்போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். 2017 ஜனவரியில் சைட்டிஸ் ஒப்பந்தம் டால்பெர்ஜியா இனம் முழுவதையும் பட்டியலில் சேர்த்தது. சீன அறைகலன் சந்தையின் பசிதான் பெரிய காரணம், அடி விழுந்தது கிட்டாருக்கும். ஃபெண்டர் பல மாடல்களில் பாவ் ஃபெரோ மரத்துக்கு மாறியது. 2019 நவம்பரில் முழுதாகச் செய்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பலகைக்குக் கிடைக்கவில்லை.

படிவத்தை நான் அனுப்பவில்லை. அப்பச்சி வீட்டுக் கட்டிலின் நீளச் சட்டம் ஒன்றை ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் முனையில் இழைப்புளியால் ஒரு தடவை இழுத்தார். கறுத்துப் போயிருந்த மேல்தோலுக்குக் கீழே ஊதா கலந்த பழுப்பு நிறம், லேசான இனிப்பு வாசனை. வளையக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் நேரா இருக்குதுங்க, மறுபக்கம் சாஞ்சு போச்சு. நேரா இருக்கறதுல ரெண்டரை அடி தேறும்" என்றார். நெக்குக்கு அது போதும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.