பள்ளி என்னும் சொல்லும் தும்பாவின் தேவாலயமும்

விண்வெளி ஆய்வைக் குறித்துப் பாடம் நடத்தும்பொழுது, அறிவியலும் சமயமும் ஒன்றுக்கொன்று பகையா என்னும் வினாவை மாணவர் எழுப்புவது இயல்பு. தத்துவ நூல்களில் விடை தேடுமுன் ஒரு வரலாற்று நிகழ்வை ஆராய்தல் நலம். 1960களின் தொடக்கத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் கடற்கரைச் சிற்றூரில், கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்று இந்திய விண்வெளி ஆய்வின் முதற்கூடமாயிற்று.

தும்பாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் இயற்பியல். புவிக்காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டின்மேல், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் வலிய மின்னோட்டம் பாய்கிறது. அவ்வுயரத்தைப் பலூன்கள் எட்டா. செயற்கைக்கோள்கள் அங்கு நிலைத்துச் சுற்ற இயலாது. ஆகவே, சிறு ஏவுகணைகளைச் செலுத்தியே அதனை ஆராய வேண்டும். 1962இல் அமைந்த இந்திய விண்வெளி ஆய்வுக் குழுவின் தலைவர் விக்ரம் சாராபாய் இதன்பொருட்டே தும்பாவை நாடினார்.

ஆயின், அந்நிலம் வெற்றுநிலமன்று. மீன்பிடித் தொழிலை நம்பிய குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. புனித மகதலா மரியாவின் பெயரால் ஒரு தேவாலயமும், அருகில் ஆயர் இல்லமும் இருந்தன. சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைக் கண்டு இடம் கேட்டார். ஆயர் தாமே விடை கூறாது, ஞாயிறு வழிபாட்டில் மக்கள்முன் அக்கோரிக்கையை வைத்தார் என்றும், மக்கள் இசைந்தனர் என்றும் அப்துல் கலாம் எழுதியுள்ளார். பல்லாண்டு கழித்து எழுதப்பட்ட நினைவாதலின், அதில் வரும் உரையாடலைச் சொல்லுக்குச் சொல் சான்றாகக் கொள்ளுதல் தகாது. விளைவு மட்டும் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. நிலம் கைமாறியது; குடும்பங்கள் பெயர்ந்தன; அவர்களுக்கெனப் புதிய தேவாலயம் எழுந்தது.

பழைய தேவாலயத்தை எவரும் இடிக்கவில்லை. அதன் வழிபாட்டு அறையே தமக்கு முதல் ஆய்வுக்கூடமாயிற்று என்று ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் கலாம் நினைவுகூர்கிறார். 1963 நவம்பர் 21 அன்று மாலை, அமெரிக்காவிலிருந்து பெறப்பட்ட நைக்-அப்பாச்சி ஏவுகணை தும்பாவிலிருந்து எழுந்தது. அது வெளியிட்ட சோடியம் ஆவி அந்திவானில் ஒளிர்ந்தது. 1968 பிப்ரவரி 2 அன்று இந்திரா காந்தி அந்நிலையத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணித்தார். அத்தேவாலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

மொழியியல் பயின்றோர் இவ்விடத்தில் ஓர் ஊர்ப்பெயரைக் கவனியாது செல்ல இயலாது. அத்தேவாலயம் அமைந்த பகுதி பள்ளித்துறை எனப்படும். மலையாளத்தில் பள்ளி என்பது கிறித்தவர் தேவாலயத்தையும் இசுலாமியர் தொழுமிடத்தையும் குறிக்கும். பண்டைத் தமிழ்க் குகைக் கல்வெட்டுகளில் அது துறவியர் உறைவிடம். சமணரும் பௌத்தரும் அச்சொல்லுக்கு உரியோர். தமிழ் முசுலிம்கள் பள்ளிவாசல் என்கின்றனர். செராசிலும் கிள்ளானிலும் நம் பிள்ளைகள் பயிலுமிடம் தமிழ்ப்பள்ளி. சாராபாய் சமணக் குடும்பத்திற் பிறந்தவர். பெரைரா கத்தோலிக்க ஆயர். கலாம் இராமேசுவரத்து முசுலிம் குடும்பத்தினர். மூவர் மரபிலும் வழங்கிய சொல்லே அவ்வூர்ப் பெயரில் நிற்கிறது.

எனினும், சொல் ஒன்றாயின் பொருளும் ஒன்றே என முடிவு கட்டுதல் மொழியியலார் செய்யத்தக்கதன்று. ஓரிடத்தில் வழிபாடும் ஆய்வும் நடந்தமையால் அவற்றின் நெறிமுறைகள் ஒன்றாகிவிடா. இதனை நன்குணர்ந்தவர் பெல்ஜிய நாட்டுக் குருவானவரும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லெமைத்ர். பேரண்டம் விரிவடைகிறது என்று 1927இல் கணித வழியில் காட்டியவர் அவர். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அண்டத் தோற்றக் கொள்கையைப் படைப்புக் கோட்பாட்டோடு இணைத்துப் பேசியதை அவர் விரும்பவில்லை. தம் கொள்கையை அறிவியற் சான்றுகளே தாங்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2007 அக்டோபர் 10 அன்று ஷேக் முஸாபர் ஷுக்கூர் விண்வெளிக்குச் சென்றார். அவர் சுற்றுப்பாதையில் தொழுவதற்கான வழிகாட்டியை மலேசியச் சமய அறிஞர்கள் முன்னரே வகுத்தளித்தனர். ஏவுகலம் இயங்கும் முறையில் அவர்கள் தலையிடவில்லை. விண்ணிலும் ஒருவர் தம் சமயக் கடமையை ஆற்றுவது எவ்வாறு என்பதே அவர்கள் ஆராய்ந்த வினா.

ஆகவே, வகுப்பறையில் எழும் அவ்வினாவிற்குத் தும்பா அளிக்கும் விடை இது: காந்த நடுக்கோடு எங்கே செல்கிறது என்பதை அறிவியலே கூற வேண்டும். அக்கோட்டின் அருகில் வாழ்வோரை எவ்வாறு நடத்துவது என்பதை அறிவியல் தனித்துக் கூற இயலாது. அங்கே கேட்கும் பணிவும் கொடுக்கும் மனமும் வேண்டும். அறிவியலாளர் கேட்டார், ஆயர் மக்களிடம் கொண்டு சென்றார், வீட்டையும் முன்னோர் வழிபட்ட இடத்தையும் விட்டுச் சென்றோர் மீனவக் குடும்பத்தினர். அறிவியலாளரையும் ஆயரையும் நாம் பெயர் சொல்லிப் போற்றுகிறோம். இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பெயரறியா அக்குடும்பங்களுக்கும் பாடத்தில் ஓர் இடம் அளித்தல் கடன்.