சீமைக்குப் போன ராமானுஜனும் ஒரு கம்பளியும்

வெளிநாடு கிளம்பறதுன்னா நம்ம ஆட்கள் முதல்ல பண்றது ஒரு எக்செல் ஷீட் திறக்கறது. பிரஷர் குக்கர், பருப்புப் பொடி, ஊறுகாய், தெர்மல் உள்ளாடை, பிளக் அடாப்டர், டோலோ 650, முன்னாடியே போன சீனியர் அனுப்பின லிஸ்ட், அவருக்கு அவர் சீனியர் அனுப்பின லிஸ்ட். எல்லாத்தையும் 23 கிலோவுக்குள்ள அடைச்சுட்டு, குளியலறை எடை மெஷின்ல பெட்டியோட ஏறி நிக்கறது. எனக்கும் கூடிய சீக்கிரம் ஆன்சைட் போற யோகம் இருக்குன்னு மேனேஜர் சொல்றார். (எந்த ஊர்னு இப்போ கேக்காதீங்க, முதல்ல விசா வரட்டும்.) அந்த சாக்குல, அந்தக் காலத்துல கிளம்பினவங்க எப்படித் தயார் ஆனாங்கன்னு கொஞ்ச நாளா படிச்சுட்டு இருந்தேன். அதில் ரெண்டு பேர் கதையை இங்கே சொல்லியே ஆகணும்.

முதல் ஆள் நம்ம கும்பகோணத்துக்காரர், கணித மேதை ராமானுஜன்.

1912 மார்ச்சில் சென்னை துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க்காகச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16ந் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அந்தப் பிரபலமான கடிதத்தைப் போட்டார். ஹார்டி மிரண்டு போய் பதில் எழுதியது, ஆளை எப்படியாவது இங்கிலாந்துக்கு வரவழைக்கப் பார்த்தது எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது, முதல் ரவுண்டில் இங்கேயிருந்து போன பதில்: "முடியாது". வைஷ்ணவ பிராமணக் குடும்பம், கடல் தாண்டினால் ஆசாரம் போச்சு, ஊர் ஒதுக்கி வைக்கும், அம்மா கோமளத்தம்மாள் சம்மதிக்க மாட்டார். 1913 மே மாசத்தில் இருந்து சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி உதவித்தொகையாக மாசம் 75 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. துறைமுக வேலையை விட்டுவிட்டு திருவல்லிக்கேணியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதாவது வெளிநாட்டுக் கனவு கண்டது ஹார்டி. ராமானுஜன் இல்லை!

1914 தொடக்கத்தில் சென்னைக்கு சொற்பொழிவாற்ற வந்தார் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். ராமானுஜனை விட ஒரு வயசு சின்னவர். எப்படியாவது பேசி சம்மதிக்க வைக்கணும்னு ஹார்டி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நெவில் தயங்கித் தயங்கி ஆரம்பித்தால், ராமானுஜன் ஏற்கனவே மனசு மாறி ரெடியாக இருக்கிறார். எப்படி மாறினார்? ரெண்டு கதை சொல்கிறார்கள். கனவில் வந்த நாமகிரித் தாயார், மகன் போவதற்குக் குறுக்கே நிற்காதே என்று அம்மாவிடம் சொன்னதாக ஒன்று. ராமானுஜனே நாமக்கல் கோயிலில் மூணு ராத்திரி படுத்திருந்து உத்தரவு வாங்கியதாக இன்னொன்று. எதுவா இருந்தாலும், நமக்கு ஹெச்.ஆர். அப்ரூவல் மாதிரி அவருக்கு அங்கேயிருந்து வந்துடுச்சு :-)

அதுக்கப்புறம் நடந்த வேகம் தான் ஆச்சரியம். ஜனவரி 28ந் தேதி நெவில் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதுகிறார். மார்ச் 17ந் தேதி கப்பல் கிளம்புகிறது. இடையில் ஏழே வாரம்! வருஷத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை, கப்பல் செலவும் துணிமணிச் செலவும் தனி. அப்போ ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். 250 பவுண்டு என்றால் 3750 ரூபாய். மாசம் 30 ரூபாய் வாங்கிய ஆளுக்கு மாசம் 300க்கு மேல்! அதில் வருஷத்துக்கு 50 பவுண்டு குடும்பத்துக்குப் போகிற மாதிரி ஏற்பாடு. இன்னிக்கு முதல் மாச சம்பளம் வந்ததும் வீட்டுக்குப் பணம் அனுப்ப ஆப் தேடற நம்ம பசங்களுக்கு முன்னோடி. பாஸ்போர்ட் தலைவலி கிடையாது. இந்தியாவுக்குள் வர பாஸ்போர்ட் வேணும் என்று தனிச் சட்டம் வந்ததே 1920ல் தான்.

அப்புறம் ஆளைத் தயார் பண்ணினார்கள். குடுமியை வெட்டினார்கள். கோட்டு, காலர், டை, ஷூ வந்தது. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழக்கினார்கள். அந்தக் கோலத்தில் பார்த்தால் அம்மா தாங்க மாட்டார் என்றோ என்னவோ, அம்மாவையும் மனைவி ஜானகியையும் சில நாள் முன்னாடியே கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி விட்டார். ஜானகிக்கு அப்போ பதினஞ்சு வயசு கூட ஆகியிருக்குமா என்பது சந்தேகம். கூட அழைத்துப் போகும் பேச்சுக்கே இடமில்லை.

'நெவாசா' என்ற கப்பல். ஏப்ரல் 14ந் தேதி லண்டன். நெவில் காரோடு வந்து அழைத்துப் போய், கேம்பிரிட்ஜில் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். ஜூனில் டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபோனார். ஆகஸ்ட் 4ந் தேதி பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது.

இதுவரைக்கும் எல்லாமே கச்சிதமான ஏற்பாடு, இல்லையா? பணம், துணி, தலைமுடி, டேபிள் மேனர்ஸ், வரவேற்க ஆள், தங்க இடம். இன்னிக்கு எந்தக் கம்பெனியும் இவ்வளவு பண்ணாது.

இப்போ கம்பளிக்கு வருகிறேன். அப்போ கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இன்னொரு இந்தியர் பி.சி. மஹலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தவர். ராமானுஜன் அறைக்குப் போனபோது, ராத்திரி குளிர் தாங்க முடிகிறதா என்று கேட்டிருக்கிறார். குளிர்கிறது, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு தான் தூங்குகிறேன் என்றாராம் ராமானுஜன். போர்த்திக்கொள்ள ஒன்றும் கொடுக்கவில்லையா என்று படுக்கையைப் போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன! அந்த ஊர் வழக்கப்படி மெத்தையோடு சேர்த்து இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தார்கள். விரிப்பை விலக்கி, கம்பளிக்கு அடியில் நுழைந்து படுக்கணும் என்று ராமானுஜனுக்குத் தெரியாது. விரிப்புக்கு மேலேயே படுத்திருந்திருக்கிறார். மஹலனோபிஸ் கம்பளியை விலக்கி, எப்படி உள்ளே நுழைவது என்று காட்டிக் கொடுத்தாராம்.

படித்ததும் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் தொண்டையில் ஏதோ அடைத்தது. உலகத்தில் யாரும் பார்த்திராத சூத்திரங்களை எழுதிய ஆள், ஒரு சாண் தூரத்தில் கம்பளி இருக்க, குளிரில் சுருண்டு கிடந்திருக்கிறார்.

குடுமியை வெட்டத் தெரிந்தவர்களுக்கு, டை கட்டச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இது ஏன் தோணலை? எனக்குப் படுவது இது தான். கிளம்பற ஆளுக்கு மத்தவங்க பண்ற ஏற்பாடு எல்லாம் நாலு பேர் கண்ணில் படுகிற விஷயங்களுக்குத் தான். சாப்பாட்டு மேசையில் மானம் போகக் கூடாது, தெருவில் ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்ட பிறகு ராத்திரி எப்படிப் படுப்பே என்று யாரும் யோசிப்பதில்லை.

ரெண்டாவது ஆள் காந்தி. ராமானுஜனுக்கு 26 வருஷம் முன்னாடி, 1888 செப்டம்பர் 4ந் தேதி பம்பாயில் இருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறினார். வயசு 18. ராமானுஜனுக்கு நேர் எதிர்: இங்கிலாந்து போறியா என்று கேட்டதும் குதித்தவர். அம்மாவுக்காக மது, மாது, மாமிசம் தொடமாட்டேன் என்று ஒரு ஜைனத் துறவி முன்னால் சத்தியம் செய்தார். பம்பாயில் சாதிக்காரர்கள் கூடி அவரைத் தள்ளி வைத்து, வழியனுப்பப் போகிறவனுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றார்கள். அதையும் மீறிக் கிளம்பினார்.

கப்பலில் என்ன ஆச்சு? முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்த உணவில் மாமிசம் இல்லை என்று பரிமாறுகிறவரிடம் கேட்கவும் தைரியம் இல்லை. கொண்டு போன இனிப்பையும் பழங்களையும் அறைக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். இறங்கும்போது போடணும் என்று பத்திரமாக வைத்திருந்த வெள்ளை ஃபிளானல் சூட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினால், செப்டம்பர் கடைசியில் வெள்ளை உடுத்தியிருந்தவர் அவர் ஒருத்தர் தான். அப்புறம் தங்கிய வீட்டில் ரொட்டி ரெண்டு மூணு துண்டுக்கு மேல் கேட்க வெட்கம். வயிறு பசித்தபடியே இருந்ததை 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார். நடந்து நடந்து ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு தான் லண்டனில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார்.

ரெண்டு கதையிலும் இருந்த ஒரே குறை, கூச்சம். கம்பளி இருந்தது, ரொட்டியும் இருந்தது. "இதை எப்படிங்க பண்றது?", "இன்னும் ரெண்டு துண்டு கிடைக்குமா?" என்று கேட்கத் தான் வாய் வரலை. ராமானுஜன் ஊர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் விதை நீக்கிய புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் பார்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆறாயிரம் மைல் தள்ளி இருக்கிற சிநேகிதனிடம் புளி கேட்க முடிகிறது. பக்கத்து அறைக்காரனிடம் படுக்கையைப் பற்றிக் கேட்க முடியலை. யோசித்தால் நாமளும் அப்படித் தானே? வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அழுத்தணும்னு ஹவுஸ்மேட்டைக் கேட்காமல் பத்து நிமிஷ யூடியூப் வீடியோ பார்க்கிற ஜாதி.

கம்பளி மட்டும் ராமானுஜனைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல வரலை. போர்க்காலத்துச் சாப்பாட்டுக் கஷ்டம், தனிமை, 1917ல் விழுந்த நோய் என்று எத்தனையோ இருக்கு. 1918ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனவர், 1919ல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26ந் தேதி 32 வயசில் சென்னையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு விடிவு வந்தது பெட்டியில் இருந்த எந்தப் பொருளாலும் இல்லை. "ராத்திரி குளிருதா?" என்று ஒருத்தர் கேட்டார், அவ்வளவு தான்.

அதனால என் எக்செல் ஷீட்டில் கடைசி வரியாக ஒண்ணு சேர்த்திருக்கேன்: போய் இறங்கின முதல் வாரத்தில் அசட்டுத்தனமான கேள்வி பத்தாவது யாரிடமாவது கேட்கணும். ஏற்கனவே அங்கே செட்டில் ஆன மகராசர்களுக்கு ஒரு விண்ணப்பம். புதுசா வந்த பையனைப் பார்த்தா "எப்படிப் போகுது லைஃப்?"னு கேக்காதீங்க, "சூப்பர்"னு தான் சொல்லுவான். நேத்து ராத்திரி என்னத்தைப் போர்த்திட்டுப் படுத்தான், என்ன சாப்பிட்டான்னு கேளுங்க.

டிஸ்கி: பருப்புப் பொடி லிஸ்ட்டை அனுப்பறேன்னு கிளம்பி வராதீங்க மக்கா, ஏற்கனவே நாலு வெர்ஷன் இருக்கு. அங்கே போய் யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு நீங்க முழிச்ச கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, அது தான் எனக்கு உபயோகப்படும்.