தெய்வங்களுக்கு வரிசை வகுத்தவர் யார்?

ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டையொட்டிக் கிறிஸ்தவத்தைத் தழுவியது. இரு நூற்றாண்டு கழித்து, 1220ஐ ஒட்டி, ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்னும் கிறிஸ்தவப் புலவர் பழந்தெய்வக் கதைகளை 'எட்டா' என்னும் நூலாக்கினார். ஓடின், தோர் முதலியோர் ஆசியாவிலிருந்து வந்த மனிதரே என்றார். சிதறிக் கிடந்த கதைகள் அவர் ஏட்டிலே ஒழுங்கு பெற்றன. அவர் எழுதாவிடில் பல கதைகள் அழிந்தே போயிருக்கும். அமெரிக்காவில் 1974இல் தோன்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு, பின்னர் அத்தெய்வங்களின் வலிமைக்கு எண்ணும் இட்டது. இன்று இளைஞர் அவ்வழியே புதுத் தெய்வங்களைப் படைத்து விளையாடுகின்றனர். அதில் தவறில்லை.

எமது மண்டூரைப் பாருங்கள். மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலே, தில்லை மரத்தில் வேடர் கண்டு வழிபட்ட வேலே இங்கு முருகனாயிற்று என்பது ஐதிகம். சின்னக் கதிர்காமம் எனப்படும் இக்கோயிலில் கப்புகனார் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்கிறார். இவ்வழிபாட்டை வகுத்தவர் யாரோ!

எழுதியவரை உலகம் அறியும். எழுதாமற் காத்தவரை யார் அறிவார்? முதியோர் வாயிலுள்ள கதைகளை இன்றே தொகுப்போம். ஆனால், ஸ்னோரியைப்போல் எமது கொள்கைக்கேற்பத் திருத்தாமல், அவர்கள் சொன்னபடியே எழுதுவோம். மக்கள் படைத்த தெய்வத்தின் வரலாறு, மக்களின் வரலாறே அன்றோ!