முடிக்காமல் விட்ட வீடுகள்: பம்பாய்ச் சால்கள் முதல் இந்தூர் ஆரண்யா வரை

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1898-இல், பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது. நெருக்கமான பகுதிகளை இடித்து, காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற தெருக்களை வெட்டுவது அதன் முதன்மைப் பணி. இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அதற்குப் பின்னர்தான் எழுந்தது. அதற்கு விடையாக அறக்கட்டளை கட்டியவை வரிசை அறைகளைக் கொண்ட சால்கள். உழைக்கும் குடும்பத்துக்கு எத்தனை சதுர அடி போதும், அதற்குள் என்னென்ன நடக்கலாம் என்பதை அரசே பெருநகர அளவில் வரையறுக்கும் வழக்கத்தின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

அவ்வழக்கம் 1920-இல் இன்னும் பெரிய வடிவம் பெற்றது. ஆளுநர் ஜார்ஜ் லாயிடின் காலத்தில் பம்பாய் வளர்ச்சி இயக்குநரகம் அமைக்கப்பட்டு, மில் தொழிலாளர்களுக்காக 50,000 குடியிருப்புகள் கட்டத் திட்டமிடப்பட்டது. கட்டி முடிந்தவை வொர்லி, நய்காவ், டிலைல் சாலை, சிவ்டி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்கள். அவற்றில் ஏறத்தாழ 16,000 அறைகள். ஓர் அறையின் பரப்பு 160 சதுர அடி. தளத்துக்கு ஒரு நடைவழி, அதன் இருபுறமும் அறைகள், பொதுக் கழிப்பறை. கட்டிய புதிதில் அவற்றுள் பல, குறிப்பாக வொர்லியில், ஆளின்றிக் கிடந்தன. வாடகையும், ஆலைகளிலிருந்து இருந்த தொலைவும், கான்கிரீட் சுவருக்குள் காற்றோட்டக் குறைவும் தொழிலாளர்களைத் தயங்கச் செய்தன. 1930-களில் சட்டமறுப்புப் போராட்டக்காரர்களை அடைத்துவைக்கும் தற்காலிகச் சிறையாகவும் வொர்லிச் சால்கள் பயன்பட்டன. தொழிலாளர் குடியிருப்பாகத் திட்டமிட்ட கட்டடம் அதிக மாற்றமின்றிச் சிறையாகவும் பயன்பட முடிந்தது, அவ்வடிவமைப்பு மனித வாழ்வை எப்படிப் புரிந்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று. அதன் கணக்கில் தொழிலாளி என்பவர் பணிநேரம் முடிந்து வந்து படுத்துறங்கும் உடல்.

ஆனால் அந்த அறைகளில் நடந்தது உறக்கம் மட்டுமன்று. கொங்கணக் கடற்கரை மாவட்டங்களிலிருந்து குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்கள், பணிமுறைக்கேற்ப மாறி மாறி ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டனர். அவர்களுக்கு உணவளித்தவை பெண்கள் தம் அறைகளிலேயே நடத்திய 'கானாவல்'கள். மாதக் கணக்கில் பணம் பெற்றுப் பலருக்குச் சமைத்துப் போட்ட அந்த அறை, ஒரே வேளையில் குடும்பத்தின் உறைவிடமாகவும் ஊரார் உண்ணும் விடுதியாகவும் இருந்தது. இப்பெண்களை ஒருங்கிணைத்து 1975-இல் பிரேமா புரவ் தொடங்கிய அன்னபூர்ணா மகளிர் மண்டலம், வங்கிக் கடன் அவர்களுக்கு எட்டுவதற்கு வழி செய்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1959 மார்ச்சில், கிர்காவில் உள்ள ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இடத் தொடங்கியிருந்தனர். லிஜ்ஜத் என்று நாடறிந்த கூட்டுறவு அமைப்பின் பிறப்பிடம் அது. வரைபடத்தில் 'மாடி' என்றிருந்தது தொழிற்கூடமாயிற்று. 'நடைவழி' என்றிருந்தது பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இடமாகவும் மாலையில் சங்கப் பேச்சு நடக்கும் மன்றமாகவும் ஆயிற்று. பரேலில் இருந்த அறக்கட்டளைச் சால் ஒன்றில்தான் அம்பேத்கரின் குடும்பம் பல்லாண்டுகள் வாழ்ந்தது.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றனர். ஆலைகள் பலவும் அதன்பின் மீளவில்லை. ஆண்களின் ஊதியம் நின்றபோது, வீட்டிலிருந்து செய்யக்கூடிய தையல், சமையல், சிறு வாணிபம் ஆகியவையே பல குடும்பங்களைத் தாங்கின. வாழ்க்கைமுறை மாற்றம் என்ற சொல் இன்று மனை விற்பனை விளம்பரங்களில் ஓய்வையும் வசதியையும் குறித்து வருகிறது. சால் குடும்பங்களுக்கு அந்த மாற்றம் ஆலைக் கதவு மூடப்பட்டதன் வழியே வந்தது. அதை ஏற்றுக்கொள்ள 160 சதுர அடியில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. குடியிருந்தோர் தாமே அந்த இடத்தை உண்டாக்கிக்கொண்டனர்.

விடுதலைக்குப் பிந்தைய திட்டமிடலின் முகமான சண்டிகர், இச்சிக்கலை வேறொரு தளத்தில் எதிர்கொண்டது. 1951-இல் லெ கார்பூசியே அங்குப் பணியேற்றபோது, உறைதல், உழைத்தல், ஓய்தல், போக்குவரத்து என நகரின் செயல்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் ஒதுக்கும் நவீனத்துவக் கோட்பாடு அவருடன் வந்தது. ஏறத்தாழ 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என வகுக்கப்பட்ட செக்டர்கள் அக்கோட்பாட்டின் நிலவடிவம். அரசு ஊழியர் வீடுகளை மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் டுரூ, பியேர் ழான்னரே ஆகியோர் ஊதியப் படிநிலைக்கேற்ப வகைவகையாக வடிவமைத்தனர். கடைநிலை ஊழியருக்கும் சமையலறை, கழிப்பறையுடன் கூடிய வீடு கிடைத்தது சிறிய முன்னேற்றமன்று. ஆயினும் அந்நகரைக் கட்டிய கூலித் தொழிலாளர்களும், தெருவில் விற்றுப் பிழைத்தோரும் அந்த வகைப்பாட்டில் எங்கும் பொருந்தவில்லை. அவர்களுடைய குடியிருப்புகளும் கடைகளும் விதிமீறல்களாகக் கருதப்பட்டதை மது சரின் 1982-இல் வெளியிட்ட நூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது.

லெ கார்பூசியேயின் பாரிஸ் பணிமனையில் 1951 முதல் பயின்றவர் பாலகிருஷ்ண தோஷி. ஆசிரியரின் அகமதாபாத் கட்டடங்களை மேற்பார்வையிட இந்தியா திரும்பிய அவர், பின்னர் எடுத்துக்கொண்ட திசை வேறு. 1973-இல் அகமதாபாத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்காக அவர் வடிவமைத்த குடியிருப்பில், பெரிய வீடு தரைத்தளத்திலும் சிறிய வீடு மேல்தளத்திலும் அமைந்தன. மேலே செல்லச் செல்லக் கட்டடம் சுருங்குவதால் கிடைத்த திறந்த மாடிகளில், குடும்பம் பெருகும்போது ஓர் அறையைக் கூட்டிக்கொள்ள முடிந்தது. வெவ்வேறு வருவாயுடையோர் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தினர். அடுத்துவந்த ஆண்டுகளில் குடியிருந்தோர் செய்த மாற்றங்கள் கட்டடத்தின் முகத்தையே மாற்றின. கட்டட முகப்பைக் கலைஞரின் கையொப்பமாகக் கருதும் மரபில் இது சிதைவு. தோஷி இதைத் திட்டத்தின் நிறைவேற்றமாகக் கண்டார்.

இந்தப் பார்வை முழு நகர்ப்பகுதி ஒன்றின் அளவுக்கு விரிந்தது இந்தூரில். அந்நகரத்துக்கு இதில் ஒரு முன்வரலாறும் உண்டு. ஹோல்கர் சமஸ்தானத்தின் அழைப்பில் வந்த பேட்ரிக் கெடஸ் 1918-இல் இந்தூருக்கான தமது திட்ட அறிக்கையை வெளியிட்டார். பழைய தெருக்களை மொத்தமாக இடிப்பதை எதிர்த்து, தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் அளவான சீரமைப்பை வலியுறுத்தியவர் அவர். மதுரை, தஞ்சாவூர் போன்ற நகரங்களுக்கு அவர் எழுதிய அறிக்கைகளிலும் அணுகுமுறை அதுவே. பிளேக் அச்சத்தில் இருந்த இந்தூரில் அவர் ஒரு தீபாவளி ஊர்வலத்தை ஏற்பாடு செய்து, வீடுகளைத் துப்புரவாக்கிப் பழுதுபார்த்த தெருக்களின் வழியே அதைச் செல்லவைத்தது திட்டமிடல் வரலாற்றில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் நிகழ்வு. பம்பாயில் அதே நோய்க்கு இடிப்பு மருந்தாயிற்று. இங்கே குடியிருந்தோரே செயலாளிகள் ஆயினர்.

1980-களின் தொடக்கத்தில் தோஷியின் வாஸ்து சில்ப ஆய்வு நிறுவனமும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குறைந்தசெலவு வீட்டமைப்புக் குழுவும் இணைந்து இந்தூரின் குடிசைப் பகுதிகளை அளந்தன. விட்டோல்ட் ரிப்சின்ஸ்கி, விக்ரம் பட் உள்ளிட்டோரின் பெயரில் 1984-இல் வெளிவந்த அந்த ஆய்வின் சிறப்பு, அது எவற்றையெல்லாம் அளந்தது என்பதில் உள்ளது. சுவர், கூரை ஆகியவற்றோடு நிற்காமல், வாசலில் நடக்கும் தொழில், வீட்டோடு ஒட்டிய சிறுகடை, மரநிழல், வண்டி நிறுத்துமிடம், தெருவை நோக்கி நீளும் மேடை ஆகியவற்றையும் அது வரைபடமாக்கியது. 'ஒட்லா' எனப்படும் அம்மேடை தமிழகத் திண்ணையின் உறவு. குடிசைப்பகுதி என்பது ஒழுங்கின்மை என்ற முன்முடிவு அந்த வரைபடங்களின் முன் நிற்கவில்லை. அதிகாரபூர்வத் திட்டங்களின் அளவுகோல்கள் கணக்கில் எடுக்காத இடங்களில்தான் வாழ்வின் பெரும்பகுதி நடந்துகொண்டிருந்தது.

இந்த அறிவின் மீது எழுந்ததே ஆரண்யா. நகரமையத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 85 ஹெக்டேர் நிலத்தில், 6,500 அளவிலான மனைகளுடன் இந்தூர் வளர்ச்சி ஆணையத்துக்காக 1983-இல் இதன் திட்டப்பணி தொடங்கிற்று. மனைகளில் ஏறக்குறைய 65 விழுக்காடு பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு. அவர்களுக்கான மிகச்சிறிய மனை 35 சதுர மீட்டர். அதில் அரசு தந்தது அடித்தளமும், கழிப்பறை முதலிய வசதிகளின் மையமும், குடிநீரும் மின்சாரமும். சிலவற்றில் ஓர் அறை. எஞ்சியதைக் குடும்பம் தன் வருவாய்க்கும் காலத்துக்கும் ஏற்பக் கட்டிக்கொள்ள வேண்டும். எப்படியெல்லாம் வளர்க்கலாம் என்பதைக் காட்ட 80 மாதிரி வீடுகளைத் தோஷி வடிவமைத்தார். பத்துப் பத்து வீடுகள் பின்முற்றங்களுடன் ஒரு தொகுதியாகித் தெருவைப் பார்த்தன. ஆறு பகுதிகளை இணைக்கும் நடுமுதுகாக வணிகத்துக்கும் பொதுநிறுவனங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. ஓரங்களில் இருந்த பெரிய மனைகளின் விற்பனை வருவாய், உள்ளிருந்த சிறிய மனைகளின் விலையைத் தாங்கியது. 1995-இல் இத்திட்டம் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு தோஷிக்கு வந்தபோதும் முதன்மையாகச் சுட்டப்பட்ட பணிகளில் ஆரண்யாவும் ஒன்று.

புகழுரையோடு இதை முடித்துவிட இயலாது. வறியோர் ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் வசதியுடையோர் ஓரத்திலும் நெடுந்தெருவிலும் அமர்ந்த அமைப்பு, கலப்பை உருவாக்கிய அதே வேளையில் வரிசையையும் காத்தது. வணிக மதிப்பு மிகுந்த முகப்புகள் வசதியுடையோர் பக்கம் இருந்தன. வளரும் வீடு என்ற கருத்து, வளர்ப்பதற்கான பணத்தையும் உழைப்பையும் நேரத்தையும் ஏழைக் குடும்பத்தின் மீதே சுமத்துகிறது என்ற விமர்சனமும் புறந்தள்ளக்கூடியதன்று. நிலமதிப்பு உயரும்போது, மருத்துவச் செலவோ திருமணச் செலவோ நெருக்கும் குடும்பம் மனையை விற்றுவிட்டு வெளியேறும் வாய்ப்பை எந்த வரைபடமும் தடுக்காது.

இங்குதான் மதிப்பீட்டின் காலம் என்ற கேள்வி முக்கியமாகிறது. ஆரண்யா சேர்ந்த வகையைச் சேர்ந்த 'மனையும் அடிப்படை வசதிகளும்' திட்டங்களுக்கு உலக வங்கி 1970-களில் பெருமளவில் நிதியளித்தது. சென்னையில் 1977-இல் தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைப்பகுதிகளும், பம்பாயில் 1985-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் சார்கோப்பும் உருவாயின. மனைகள் மெதுவாக நிரம்பின, பல வெறுமையாகக் கிடந்தன, ஏழைகளைச் சென்றடையவில்லை என்பன போன்ற காரணங்களால் இவ்வகைத் திட்டங்கள் தோல்வி என்று கருதப்பட்டு, 1990-களில் பெரும்பாலும் கைவிடப்பட்டன. சுமிலா குல்யானி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பின் சென்னை, மும்பை இரண்டிலும் அதே இடங்களுக்குச் சென்று ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரை அம்முடிவை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. அவர்கள் கண்டவை நிரம்பிய, பல வருவாயினரும் கலந்து வாழும், வீடும் வணிகமும் அருகருகே அமைந்த பகுதிகள். ஐந்தாம் ஆண்டில் வெற்றுமனையாக இருந்தது இருபதாம் ஆண்டில் தெருவாகியிருந்தது. மதிப்பிட்டவர்கள் முன்கூட்டியே வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இதற்கிடையில் கொள்கை வேறு வழியில் சென்றுவிட்டது. 1995-இல் உருவான மும்பைக் குடிசைச் சீரமைப்பு ஆணையத்தின் முறையில், குடிசைவாசிக்குத் தொடக்கத்தில் 225 சதுர அடியும் பின்னர் 269 சதுர அடியும் கொண்ட வீடு அடுக்குமாடியில் இலவசமாகத் தரப்பட்டது. நூறாண்டு கண்ட வளர்ச்சி இயக்குநரகச் சால்களின் மறுகட்டுமானத்தில் 500 சதுர அடி வீடு தரப்படுகிறது. 160-இலிருந்து 500 என்பது மெய்யான ஆதாயம். தனிக் கழிப்பறைக்காகக் காத்திருந்த பெண்கள் அதை எவர் சொல்லியும் அறியவேண்டியதில்லை. ஆனால் பரப்பு மட்டுமே கணக்கில் வரும்போது வாசலும் நடைவழியும் மாடியும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. தாராவியின் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களுக்கு வீடும் சூளையும் ஒரே இடம். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்று அங்குத் தோல் தொழிலில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கும் உறைவிடமும் பணியிடமும் நடந்துசெல்லும் தொலைவில்தான் இருந்தன. இருபதாவது மாடியில் உள்ள வீட்டில் உறங்க முடியும். பானை சுட முடியாது.

2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் வீடே அலுவலகமானபோது, வீட்டின் அமைப்பு மாறவேண்டும் என்ற பேச்சு நடுத்தர வர்க்கத்திடையே பரவலாக எழுந்தது. கானாவல் நடத்திய பெண்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது. பன்னெடுங்காலமாக வீட்டிலிருந்தே உழைத்தவர்களின் அனுபவம் திட்டமிடலின் ஆவணங்களில் விதிமீறலாகவும் ஆக்கிரமிப்பாகவும் பதிவாகியிருப்பதால், அது வடிவமைப்பு அறிவாக எண்ணப்படாமலே போயிற்று.

இத்துறையில் நுழையும் ஆய்வு மாணவர்கள் முன் இரண்டு பணிகள் காத்திருக்கின்றன. ஒன்று, விதிமீறல் அறிக்கைகளையும் இடிப்பு ஆணைகளையும் குடியிருந்தோரின் தேவைகளைச் சொல்லும் சான்றுகளாகத் திருப்பி வாசிப்பது. மற்றொன்று, ஒப்படைக்கப்பட்ட நாளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அதே வாசல்களுக்குத் திரும்பச் சென்று அளப்பது. இந்தூரில் அளவுநாடாவோடு குடிசைகளின் வாசலில் நின்றவர்கள் செய்தது முதற்பணியைச் சார்ந்தது. அரும்பாக்கத்துக்கும் சார்கோப்புக்கும் மீண்டும் போனவர்கள் இரண்டாவதைத் தொடங்கிவைத்தனர். 1990-களுக்குப் பின் எழுந்த அடுக்குமாடிகளிலும் இவ்விரு பணிகளும் நடந்தாக வேண்டும். அவற்றில் குடியேறிய முதல் தலைமுறையின் நினைவு இன்னும் கேட்டறியக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது.